ஜாக் பிளேட்: 12 அங்குலமா, 8 அங்குலமா? எஞ்சினை எவ்வளவு தூக்கலாம்?

9 மார்ச் 2024, இரவு 10.40

இந்த இணைய இழையில் ஒருவர் கேட்ட கேள்வி இது: "20 அடி ஃபைபர் படகு. அடிப்பாகம் V வடிவம், நடுவில் தட்டையான பேட். 225 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினை நேராக டிரான்சத்தில் (படகின் பின்சுவரில்) போல்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 68 மைல் வருகிறது. 12 அங்குல ஜாக் பிளேட் போட்டால் ஐந்து மைல் கூடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? ஹைட்ராலிக்கா, கையால் திருப்புவதா?"

ஜாக் பிளேட் வாங்குங்கள். 12 அங்குலம் வேண்டாம்.

அந்தத் தகடு இரண்டு வேலை செய்கிறது. எஞ்சினை டிரான்சத்திலிருந்து பின்னுக்குத் தள்ளுகிறது. மேலும் கீழும் நகர்த்த வழி கொடுக்கிறது. கடைக்காரர் முதல் வேலையை மட்டும் விலை பேசுகிறார். படகின் அடியில் அழுந்திக்கிடந்த தண்ணீர், டிரான்சம் முடிந்த இடத்தில் விடுபட்டு மேலே எழும்புகிறது. புரொப்பெல்லர் எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு உயர்ந்த தண்ணீரில் சுழலும். ஆகவே எஞ்சினைத் தூக்கலாம். தூக்கினால் கியர்கேஸ் (தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப்பெட்டி) தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் பரப்பு குறையும். வேகம் அங்கிருந்துதான் வருகிறது.

அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். உங்கள் டிரான்சம் எந்த ஆண்டுடையது? உள்ளே மரமா, கலப்புப் பொருளா?

10 மார்ச் 2024, காலை

என் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எங்கிருந்து பேசுகிறேன் என்று தெரியட்டும். 2004ஆம் ஆண்டுப் படகு, 20 அடிக்குச் சற்று மேல். 3 லிட்டர் V6 டூ-ஸ்ட்ரோக், 225 குதிரைத்திறன், கியர் விகிதம் 1.75. எஞ்சின் எடை ஏறத்தாழ 500 பவுண்டு. ஓடும் இடம் அலபாமாவில் கன்டர்ஸ்வில் ஏரி. 2021இல் 10 அங்குல ஹைட்ராலிக் பிளேட் போட்டேன். போடுவதற்கு முன் 67 மைல். போட்டபின் 70.5.

மூன்றரை மைல் கூடியது. ஆகவே 'பிளேட் போட்டால் வேகம் வரும்' என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

10 மார்ச் 2024, மதியம்

12 அங்குலம் ஏன் வேண்டாம் என்பதற்குக் கணக்கு. 500 பவுண்டு எஞ்சினை 12 அங்குலம் பின்னே தள்ளினால், படகு சும்மா நிற்கும்போதே டிரான்சத்தின் மேல் 6000 அங்குல-பவுண்டு முறுக்கம் கூடுகிறது. பிளேட்டின் சொந்த எடை இதில் சேரவில்லை. அலையில் ஒருமுறை எழும்பி விழுந்தால் இது பல மடங்காகும். கேள்வி கேட்டவரின் படகில் பெட்ரோல் டேங்கும் இரண்டு பேட்டரிகளும் பின்பக்கம் இருப்பதாக அடுத்து எழுதியிருக்கிறார். அணியம் (முன்பக்கம்) ஏற்கெனவே இலேசாக இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட படகில் பின்னால் மேலும் பாரம் தொங்கவிட்டால் கிளம்பும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், நடுவேகத்தில் துள்ளும்.

எட்டு அங்குலம் போதும். பாரம் முன்னால் இருக்கும் படகு என்றால் பத்தோ பன்னிரண்டோ சொல்லியிருப்பேன்.

16 மார்ச் 2024

கேள்வி கேட்டவர் டிரான்சத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாராம், எல்லா இடத்திலும் ஒரே ஓசை கேட்டதாம். நல்லது. ஆனால் அது போதாது. மூன்று வேலை மீதமிருக்கிறது.

எஞ்சினைப் பாதி தூக்கி வைத்துவிட்டு, லோயர் யூனிட்டின் (கியர்கேஸ் உள்ள கீழ்ப்பகுதியின்) மேல் உடல் எடையைப் போட்டு மெல்ல அழுத்துங்கள். இன்னொருவர் டிரான்சத்தின் மேல் விளிம்பைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் அசையலாம், டிரான்சம் அசையக் கூடாது. அடுத்து, ஒரு நேரான மட்டப்பலகையை டிரான்சத்தின் குறுக்கே வைத்துப் பாருங்கள். நடுவில் உட்குழிந்திருந்தால் போல்ட்கள் மரத்தை நசுக்கியிருக்கின்றன. மூன்றாவதாக, கீழ் போல்ட் ஒன்றைக் கழற்றி, துளைக்குள் ஸ்குரூ டிரைவரை விட்டுச் சுரண்டுங்கள். காய்ந்த மரத்தூள் வந்தால் மகிழ்ச்சி. கறுப்பாக, ஈரமாக, பழைய தேயிலைச் சக்கைபோல் வந்தால் ஜாக் பிளேட்டுக்கு வைத்திருக்கும் பணத்தை டிரான்சத்துக்குச் செலவிடுங்கள்.

இதில் எனக்கு அழுத்தம் அதிகம். ஏரியில் என் பக்கத்துத் துறைக்காரர் ஒருவரின் படகில் மேல் துளைகளின் ஓரம் முடி அளவு விரிசல் ஓடியிருந்தது. பூச்சில் விழுந்த கீறல் என்றார்கள். அடுத்த கோடையில் எஞ்சின் இரண்டு அங்குலம் பின்னால் சாய்ந்து நின்றது. ஏரி நடுவில் அது நடக்காமல் ட்ரெய்லரில் நடந்தது, அவ்வளவே நல்வினை.

17 மார்ச் 2024

பிளேட்டுக்குப் புதிதாகத் துளைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு: பெரிய அவுட்போர்டுகளுக்குப் பொதுவான துளை அளவு ஒன்று உண்டு. மேல் துளைகளுக்கு நடுவே 12.875 அங்குலம், கீழ்த் துளைகளுக்கு நடுவே 9.875, மேலுக்கும் கீழுக்கும் 8. பிளேட்டின் இரு பக்கமும் இதே அளவில்தான் இருக்கும். பழைய துளைகள் சரியாக இருந்தால் புதிதாகத் துளைக்க வேண்டாம். துளைத்தால் மரத்தின் வெட்டுப்பட்ட விளிம்பை எபாக்சியால் அடைத்துவிட்டுத்தான் போல்ட். நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் பசையைப் பயன்படுத்தாதீர்கள், என்றாவது பிளேட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினியத்தில் உட்காரும் இடத்தில் அரிப்புத் தடுப்புக் களிம்பு பூசுங்கள். நன்னீர் ஏரிதானே என்று விட்ட போல்ட்கள் மூன்று ஆண்டில் உள்ளேயே இறுகிப்போனதைக் கண்டிருக்கிறேன்.

ஸ்டியரிங் குழாய், பெட்ரோல் குழாய், பேட்டரி வயர், கியர் கேபிள் எல்லாம் எட்டு அங்குலம் கூடுதலாக எட்ட வேண்டும். எஞ்சினை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, முழுக்கத் தூக்கி, பிளேட்டை மேல் எல்லைக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றும் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஏரிக்குப் போங்கள்.

23 மார்ச் 2024

உயரம். இந்த இழையின் சாரம் இதுதான், அவசரப்படாமல் எழுதுகிறேன்.

"மூன்றாவது துளையில் மாட்டு", "காற்றுத்தடுப்புத் தகடு படகின் அடிக்கு இரண்டு அங்குலம் மேலே இருக்கட்டும்" என்றெல்லாம் இந்த இழையில் வேறு சிலர் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு எஞ்சினிலும் புரொப்பெல்லருக்கு மேலுள்ள அந்தத் தகடு ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது. நாம் ஒருவரோடொருவர் ஒப்பிடத் தக்க எண் ஒன்றுதான்: புரொப்பெல்லர் ஷாஃப்டின் மையம் பேடுக்கு எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்பது.

அளக்கும் முறை. படகை ட்ரெய்லரோடு சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். எஞ்சினை ஷாஃப்ட் பேடுக்கு இணையாக இருக்கும்படி இறக்குங்கள். தரையிலிருந்து பேடின் அடிவரை அளந்தால் ஓர் எண், தரையிலிருந்து ஷாஃப்டின் மையம்வரை அளந்தால் இன்னோர் எண். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். என் படகில் 22.5, 18.75. ஆக, ஷாஃப்ட் 3.75 அங்குலம் கீழே. சாதாரண லோயர் யூனிட் உள்ள படகுக்கு 3 முதல் 3.5 வரை ஒரு பாதுகாப்பான தொடக்கம். நான் இன்னும் கொஞ்சம் கீழிருந்து தொடங்கினேன்.

பின்பு கால் அங்குலம் அல்லது அரை அங்குலம் தூக்கி, இரு திசையிலும் ஓட்டி, சராசரி எடுத்து, எழுதி வையுங்கள். ஒரு நாளில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். புரொப்பெல்லரையும் உயரத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது கொடுத்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

என் குறிப்பேட்டிலிருந்து, 2021 நவம்பர், முழு த்ராட்டில். 3.75 கீழே: 68.4 மைல், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் அழுத்தம் 22 பிஎஸ்ஐ. 3.25 கீழே: 69.6, 20. 2.75 கீழே: 70.5, 17. 2.25 கீழே: 70.6, அழுத்தம் 9, வளைவில் அதற்கும் கீழே.

கடைசி வரியைப் பாருங்கள். பத்தில் ஒரு மைலுக்கு எட்டு பிஎஸ்ஐ. அந்த இடத்தில் நான் 2.75க்கே திரும்பிவிட்டேன்.

24 மார்ச் 2024

நேற்று எழுதியதில் ஒரு பெரிய விடுபடல். பேட் மட்டமாக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. பேடின் அடியில் ரசமட்டத்தை வைத்து, ட்ரெய்லரின் முன் ஜாக்கைத் திருப்பி மட்டம் சரிசெய்த பிறகே அளக்க வேண்டும். பிளேட் போட்டபின் ஷாஃப்டின் நுனி பேட் முடியும் இடத்திலிருந்து 36 அங்குலம் பின்னே வந்துவிடும். அரை டிகிரி சாய்வு இருந்தாலே 0.3 அங்குலம் பிழை. கால் அங்குலத்துக்குச் சண்டை போடும் நமக்கு அது பெரிய தொகை.

தரையும் சரிவாக இருக்கக் கூடாது. வீட்டுக் காரேஜ் தரைகள் தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் போடப்பட்டவை.

24 மார்ச் 2024, மாலை

"10 அங்குலம் பின்தள்ளினால் 1 அங்குலம் தூக்கு" என்ற கணக்கு கேட்டிருக்கிறார் ஒருவர். தோராயமான வழக்கு அது. எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லும். எங்கே நிறுத்துவது என்று சொல்லாது, அதை நீரழுத்தமானி சொல்லும்.

6 ஏப்ரல் 2024

நீரழுத்தமானி இல்லாமல் ஜாக் பிளேட் போடாதீர்கள். வெப்பமானி போதும் என்று வாதிடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சாதாரண லோயர் யூனிட்டில் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகும் ஓட்டைகள் கியர்கேஸின் பக்கவாட்டில், புல்லட் வடிவப் பகுதிக்கு மேலே இருக்கின்றன. எஞ்சினைத் தூக்கத் தூக்க அவை நீர்மட்டத்தை நெருங்கும். ஒரு கட்டத்தில் தண்ணீரோடு காற்றும் சேர்ந்து உள்ளே போகும். அழுத்தமுள் நடுங்கத் தொடங்குவது அப்போது. வெப்பமானியின் முள் நகரும்போது சிலிண்டர் ஏற்கெனவே சுட்டுவிட்டிருக்கும். முழு த்ராட்டிலில் 10 பிஎஸ்ஐக்குக் கீழே போக நான் விடுவதில்லை. 15 இருந்தால் நிம்மதி. எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், உங்கள் கையேடு சொல்வதே கடைசிச் சொல்.

2022 ஆகஸ்டில் எனக்கு நடந்தது. கன்டர்ஸ்வில் ஏரியில் கோடையில் மில்ஃபாயில், ஹைட்ரில்லா என்று நீர்ப்பாசி மெத்தை மெத்தையாக வளரும். பாஸ் மீன் பிடிப்பவர்களுக்கு அது பொற்காடு. ஒரு மெத்தையின் ஓரமாக வந்து படகை வெளியே எடுத்தேன். 17 இருக்க வேண்டிய முள் 12 காட்டியது. பாசி ஓர் ஓட்டையை மூடியிருக்கிறது. உயரத்தை இறக்கி, வேகம் குறைத்து, நிறுத்தி, பின்னோக்கி ஓட்டினேன். பாசி கழன்று வந்தது. முள் 17க்குத் திரும்பியது. மொத்தம் ஒரு நிமிடம். மானி இல்லாதிருந்தால் எச்சரிக்கை ஒலி வரும்வரை ஓட்டியிருப்பேன்.

தண்ணீர் உள்ளே போகும் ஓட்டை மூக்கில் தாழ்வாக உள்ள கியர்கேஸ் அல்லது கூம்பு மூக்கு பொருத்திய லோயர் யூனிட் வைத்திருப்பவர்கள் ஷாஃப்டைப் பேடின் மட்டம்வரைகூடக் கொண்டுபோகிறார்கள். அவர்களுடைய எண்ணைச் சாதாரண லோயர் யூனிட்டுக்குக் கடன் வாங்காதீர்கள். இந்த இழையில் டென்னசிக்காரர் ஒருவர் "ஒரு அங்குலம் கீழே ஓட்டுகிறேன்" என்று எழுதியிருப்பது அந்த வகைக் கியர்கேஸில். அவரே பிறகு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

20 ஏப்ரல் 2024

புரொப்பெல்லர் பக்கம் பேச்சு போய்விட்டது. போகட்டும், தொடர்புடையதுதான்.

நழுவல் (புரொப்பெல்லர் தண்ணீரில் வழுக்கி இழக்கும் வேகம்) கணக்கைக் கையாலேயே போடலாம். ஆர்பிஎம்மைப் (நிமிடச் சுற்றுகளை) பிட்ச்சால் (வழுக்காவிட்டால் புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் அங்குலம்) பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1056ஆலும் வகுத்தால் நழுவலே இல்லாத வேகம் வரும். 1056 எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள்: ஒரு மைலுக்கு 5280 அடி, அடிக்கு 12 அங்குலம், மணிக்கு 60 நிமிடம். 5280ஐ 12ஆல் பெருக்கி 60ஆல் வகுத்துப் பாருங்கள்.

என் படகில் 25 பிட்ச். பிளேட்டுக்கு முன் 5600 ஆர்பிஎம், கணக்குப்படி 75.8 மைல், ஓடியது 67. நழுவல் 11.6 சதவீதம். பிளேட்டுக்குப் பின் 5750, கணக்குப்படி 77.8, ஓடியது 70.5. நழுவல் 9.4. கூடிய மூன்றரை மைலில் 1.8 ஆர்பிஎம் ஏறியதால், 1.7 நழுவல் குறைந்ததால்.

எஞ்சினைத் தூக்கும்போது புரொப்பெல்லர் காற்றை விழுங்கத் தொடங்கினால் ஆர்பிஎம் எகிறும், வேகம் எகிறாது. நழுவல் கணக்கு அதைக் காட்டிக்கொடுக்கும். அங்கே இரண்டு வழி: கீழே இறக்குவது, அல்லது இதழின் ஓரத்தில் வளைவு அதிகமுள்ள, படகின் மூக்கைத் தூக்கிப் பிடிக்கும் புரொப்பெல்லருக்கு மாறுவது. படகோடு வந்த சாதாரண அலுமினிய இதழை வைத்துக்கொண்டு ஜாக் பிளேட்டைக் குறை சொல்லாதீர்கள்.

4 மே 2024

சைன் வாக் பற்றி, அதாவது வேகத்தில் படகு இடவலமாக ஆடுவது பற்றி. வேகம் கூடக்கூடப் படகு நீரிலிருந்து எழும்பி, கடைசியில் ஓர் அடி அகலமும் இல்லாத பேடின் மேல் நிற்கிறது. கயிற்றின் மேல் நடப்பதுபோல. புரொப்பெல்லரின் முறுக்கம் ஒரு பக்கம் சாய்க்கும், நீங்கள் ஸ்டியரிங்கால் நிமிர்த்துவீர்கள், அது மறுபக்கம் சாயும். மூன்றாவது ஆட்டத்தில் படகு உங்களை ஓட்டும்.

எஞ்சினைத் தூக்கினால் இது கூடும் என்பதைப் பலரும் சொல்வதில்லை. காற்றுத்தடுப்புத் தகட்டின் அடியில் சிறிய துடுப்பு ஒன்று உண்டல்லவா, ஸ்டியரிங் இழுப்பைச் சமன்செய்வது? எஞ்சின் உயர்ந்ததும் அது தண்ணீருக்கு வெளியே வந்துவிடும். அதுவரை அது சுமந்த இழுப்பு இனி உங்கள் கைக்கு வரும். ஆகவே ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கவே கூடாது. ஒற்றைக் கேபிள் ஸ்டியரிங்கில் 65 மைலுக்கு மேல் ஓட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. ஹைட்ராலிக் ஸ்டியரிங் போட்டுவிட்டு அப்புறம் ஜாக் பிளேட் பேசுங்கள்.

என் நடுக்கத்தையும் சொல்கிறேன். 2023 ஜூனில் 69இல் ஓடும்போது, இதுவரை இல்லாத ஆட்டம் வந்தது. த்ராட்டிலை ஒரேயடியாக விடாமல் மெல்ல இறக்கி, டிரிம்மை (எஞ்சினின் சாய்வை) உள்ளே இழுத்து நிறுத்தினேன். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று மாலை எஞ்சினின் அடித்துடுப்பைப் பிடித்து இடவலமாக உலுக்கினேன். ஸ்டியரிங் அசையவில்லை, பிளேட்டின் சறுக்குப் பகுதி அசைந்தது. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பட்டைகள் தேய்ந்திருந்தன. சிறிய விலைக்கு மாற்றினேன், ஆட்டம் போனது. இப்போது மாதம் ஒருமுறை உலுக்கிப் பார்க்கிறேன்.

கொலைக் கயிறு என்று சிலர் சொல்லும் அந்த எஞ்சின் நிறுத்தக் கயிற்றை, நீங்கள் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதை, கட்டிக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் 26 அடிக்குக் குறைவான படகுகளில் வேகமாகப் போகும்போது அதைப் பயன்படுத்துவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். சட்டம் இல்லாத காலத்திலும் நான் கட்டினேன்.

15 ஜூன் 2024

மார்ச் 10ஆம் தேதியும் ஏப்ரல் 20ஆம் தேதியும் நான் எழுதியதைத் திருத்த வேண்டும். மூன்று மாதமாக மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது, இன்று பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன்.

பிளேட்டுக்கு முன் 67 மைல் ஓடிய நாள் 2021 ஆகஸ்ட், வெப்பம் 95 பாரன்ஹீட். பிளேட்டுக்குப் பின் 70.5 ஓடிய நாள் நவம்பர், 50 டிகிரி. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 95க்கும் 50க்கும் நடுவே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. எஞ்சின் அதே அளவு காற்றை இழுத்தாலும் அதில் ஆக்சிஜன் அதிகம், திறன் அதிகம். நான் பிளேட்டுக்குக் கொடுத்த பாராட்டில் பாதி பருவத்துக்குப் போக வேண்டியது.

ஆகவே இன்று மறுபடி ஓட்டினேன். 88 டிகிரி, பாதி டேங்க், ஒரே ஆள், இரு திசைச் சராசரி. ஷாஃப்ட் 3.75 கீழே: 66.9. அதே மணி நேரத்தில் 2.75 கீழே: 68.6.

இதை மெதுவாகப் படியுங்கள். எஞ்சின் 10 அங்குலம் பின்னால் இருந்தும், தாழ்த்தி ஓட்டியபோது வேகம் 66.9. பிளேட்டே இல்லாத நாளில் இதைவிட வெப்பத்தில் 67. பின்னுக்குத் தள்ளியது மட்டும் எனக்கு ஒன்றும் தரவில்லை. தூக்கிய ஓர் அங்குலம் 1.7 மைல் தந்தது. அவ்வளவு தூக்க முடிந்ததற்குத்தான் பின்தள்ளல் தேவைப்பட்டது. ஏப்ரல் 20இல் 'ஆர்பிஎம் ஏறியதால்' என்று எழுதிய 1.8 மைலின் பெரும்பகுதி நவம்பர்க் குளிருடையது.

ஐந்து மைல் கூடும் என்று விற்ற கடையைக் கேளுங்கள்: எந்த மாதம் அளந்தீர்கள் என்று.

16 ஜூன் 2024

முறுக்கக் கணக்கிலும் ஒரு மறுசிந்தனை. மார்ச்சில் 6000 அங்குல-பவுண்டு என்று எழுதிப் பயமுறுத்திவிட்டேன். டிரான்சத்தின் வலிமைக்கு அந்தப் பயம் சரி. படகின் சமநிலைக்கு அது மிகை. 170 பவுண்டு எடையுள்ள ஒருவர் 35 அங்குலம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தால் படகு எவ்வளவு சாயுமோ, 12 அங்குலப் பிளேட் கிட்டத்தட்ட அவ்வளவுதான் சாய்க்கும். எட்டு அங்குலம் என்றால் 24 அங்குல நகர்வு.

எனவே வாங்குவதற்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம். நண்பரை முன் இருக்கையில் உட்காரவைத்துக் கிளம்புங்கள். பிறகு இரண்டடி பின்னால் உட்காரவைத்துக் கிளம்புங்கள். மூக்கு எழும்பும் விதம், நிமிர்ந்து ஓட எடுக்கும் விநாடிகள், நடுவேகத்துத் துள்ளல் எல்லாவற்றையும் எழுதுங்கள். செலவில்லாத சோதனை.

இதை எழுதும்போது மாமா ஞாபகம் வருகிறது. குளச்சலுக்குப் பக்கத்தில் அவருக்கு ஃபைபர் வள்ளம், பின்னால் 9.9 குதிரைத்திறன் எஞ்சின். அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது "அணியத்துக்குப் போடா" என்று என்னை முன்னால் விரட்டுவார். கரைக்கு வரும்போது கடைசி அலை தூக்கும் கணத்தில் எஞ்சினைச் சட்டென்று மேலே சாய்ப்பார், புரொப்பெல்லர் மணலைத் தொடாது. எடையை எங்கே வைப்பது, எஞ்சினை எப்போது தூக்குவது: பத்து வயதில் நான் பார்த்தது அதுதான். சுவிட்ச் இல்லை, மானி இல்லை. தோளும் கண்ணும் இருந்தன.

29 ஜூன் 2024

எங்கள் ஏரியில் ஹைட்ரோஃபெஸ்ட் பந்தயம். சினூக் ஹெலிகாப்டரில் இருக்கும் டர்பைன் வகை எஞ்சினைப் பூட்டிய ஹைட்ரோபிளேன் பந்தயப் படகுகள். ஓடும்போது அவற்றின் புரொப்பெல்லரில் பாதி தண்ணீருக்கு வெளியே இருக்கும். பின்னால் எழும் நீர்த்தூண் அதனால்தான். நாம் கால் அங்குலம் கால் அங்குலமாக நெருங்கும் திசையின் அந்தக் கோடி அது. கரையில் நின்று பார்க்க வேண்டியது.

13 ஜூலை 2024

ஹைட்ராலிக்கா, கையால் திருப்புவதா? நான்கு மாதமாக நேர்ப் பதில் சொல்லவில்லை என்று கோபித்திருக்கிறார் கேள்வி கேட்டவர். நியாயம்.

மார்ச்சில் கேட்டிருந்தால் ஹைட்ராலிக் என்றிருப்பேன். இப்போது, உங்களுக்கு, கையால் திருப்புவது. காரணம்: உங்கள் சிக்கமாகா ஏரியில் நீங்கள் ஓட்டும் பகுதி ஆழமானது, பெரும்பாலும் ஒரே பாரம், ஒரே ஆள். சரியான உயரத்தை நாலைந்து நாளில் கண்டுபிடித்தால் பிறகு அதைத் தொட வேண்டியதில்லை. போல்ட்களைத் தளர்த்தி, நடுத் திருகைத் திருப்பி, மறுபடி இறுக்கக் கால் மணி நேரம். மோட்டார் இல்லை, எண்ணெய் இல்லை, கசிவு இல்லை, எடையும் குறைவு. மீதிப் பணத்தில் நீரழுத்தமானியும் நல்ல புரொப்பெல்லரும்.

நான் ஹைட்ராலிக்கை விடமாட்டேன். கன்டர்ஸ்வில்லில் கோடையில் நீர்மட்டம் கடலுக்கு மேல் 595 அடி, குளிர்காலத்தில் 593. அந்த இரண்டு அடியில் பழைய மரக்கட்டைகள் தலைநீட்டும் பரப்புகள் பல இருக்கின்றன. கிளம்பும்போது முழுக்க இறக்குவேன், படகு நிமிர்ந்ததும் தூக்குவேன், வளைவுக்கு முன் ஓர் அங்குலம் இறக்குவேன், பாசியில் நுழையும்போது இன்னும் இறக்குவேன், ஆழம் குறைந்த இடத்தில் மெல்ல ஊர்ந்து போகத் தூக்குவேன். ஒரு நாளில் அந்தப் பொத்தானை நூறு முறை தொடுகிறேன். உச்ச வேகத்துக்காகத் தொடுவது அதில் இரண்டோ மூன்றோ.

பிராண்டு கேட்கிறார்கள். அட்லஸ், சிஎம்சி, பாப்ஸ் மெஷின் ஷாப், ஸ்லைட்மாஸ்டர், எல்லாமே ஓடிக்கொண்டிருக்கின்றன. கடையில் போய்ச் சறுக்குப் பகுதியைப் பிடித்து உலுக்குங்கள். தேய்மானப் பட்டைகள் தனியாகக் கிடைக்கின்றனவா, உங்கள் எஞ்சின் திறனுக்கு மேல் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

14 ஜூலை 2024

ட்ரெய்லரில் போகும்போது லோயர் யூனிட்டுக்கு முட்டுக் கம்பி கொடுங்கள். நேற்று எழுத மறந்தேன். எஞ்சின் எட்டு அங்குலம் பின்னால் தொங்கும்போது ஒவ்வொரு சாலைக் குழியும் டிரான்சத்தை உலுக்கும்.

5 அக்டோபர் 2024

கேள்வி கேட்டவர் எண்களோடு திரும்பியிருக்கிறார். 8 அங்குலம், கையால் திருப்பும் பிளேட். டிரான்சம் காய்ந்திருந்தது. ஸ்டியரிங்கை ஹைட்ராலிக்காக மாற்றினார். ஒரே நாளில், 81 டிகிரியில், இரு திசைச் சராசரி: ஷாஃப்ட் 3.5 கீழே 67.8 மைல், 19 பிஎஸ்ஐ. 3 கீழே 69.1, 17. 2.5 கீழே 69.7, 14. "2.25க்குப் போகட்டுமா?" என்று கேட்கிறார்.

உங்கள் முள் 14இல் நிற்கிறதா, 14க்கும் 11க்கும் நடுவே துடிக்கிறதா? நேராக ஓடும்போது பார்த்ததா, வளைவில் பார்த்ததா? துடிக்கிறது என்றால் நீங்கள் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டீர்கள், 2.75க்கு வாருங்கள்.

6 அக்டோபர் 2024

வளைவில் 10 வரை போகிறதாம். 2.75க்கு இறக்கிவிட்டார். உங்கள் ஏரியில் விடும் தண்ணீர்தான் நிக்கஜாக் அணை வழியாக என் ஏரிக்கு வருகிறது, உருகிய பிஸ்டனை அதில் அனுப்பாதீர்கள்.

போல்ட்கள். முதல் ஐந்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எட்டையும் மறுபடி இறுக்க வேண்டும் என்று இந்த இழையில் எங்கும் நான் எழுதவில்லை என்று இப்போதுதான் கவனித்தேன். என் எஞ்சின் கையேட்டில் 55 அடி-பவுண்டு. உங்கள் கையேட்டையும் பிளேட்டோடு வந்த தாளையும் பார்த்து, டார்க் ரென்ச்சால், வாஷர் மரத்தை நசுக்காத அளவில். என்னுடையதில் மேல் இரண்டும் கால் திருப்பு தளர்ந்திருந்தன. நாளை ஏரிக்குப் போவதற்கு முன் பாருங்கள், அப்புறம் 2.75இன் எண்களை எழுதுங்கள், வெப்பத்தோடு சேர்த்து.